பிறந்த வீடு போகும் வழியில் ஒரு பரீட்சை

1

போன வாரம் தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைத் தேர்வு அலுவலகமே நேராக அனுப்ப வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு வர நினைக்கிறவர்கள் எழுத வேண்டிய பரீட்சை அது. நம் ஊரில் மார்க் ஷீட்டை நாமே வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, யாராவது அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி அனுப்புவோம். இங்கே நம் கையால் கொடுப்பதை யாரும் சீந்த மாட்டார்கள். அலுவலகம் அலுவலகத்தோடுதான் பேசும்.

போனை எடுத்த பெண் பெயர் கேட்டாள். பூங்கொடி சண்முகம் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை என்றாள். "அப்படியானால் பி என்ற இனிஷியலில் பாருங்கள், அது கல்யாணத்துக்கு முந்தைய பெயர்" என்றேன். எந்த பி என்று கேட்டாள். இங்கே போனில் எழுத்துச் சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஊரையோ ஆளையோ சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு வருடம் ஆகியும் அவசரத்துக்கு அது எனக்கு வருவதில்லை. "பி ஃபார் பழனி" என்றேன். அந்தப் பழனிக்கும் எழுத்துச் சொல்லச் சொன்னாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். ஐந்து வருடம் தாண்டிய மதிப்பெண்களை அவர்கள் யாருக்கும் அனுப்புவதில்லையாம். கணக்குப்படி என் பெயரில் அவர்களிடம் எதுவுமே இல்லையாம். மன்னிப்பும் கேட்டாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இதே அலுவலகம்தான் ஒரு காலத்தில் என் பெயரில் ஒன்றுக்கு இரண்டு ஆட்கள் இருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டது. இப்போது ஒருத்தி கூட இல்லை என்கிறது. உதவித்தொகைக்காரர்கள் பழைய நகலே போதும் என்று சொல்லிவிட்டார்கள், அது வேறு விஷயம். அன்று சாயங்காலம் ரவா கேசரி கிண்டினேன். வேலையிலிருந்து வந்த என் கணவர் சண்முகம் வாசலிலேயே மோப்பம் பிடித்து, "என்னங்க விசேசம்?" என்றார்.

"என்ற மார்க்கெல்லாம் காலாவதி ஆயிருச்சுங்க."

"எந்த மார்க்கு? மூணுமா?"

மூன்றும்தான். அந்த மூன்றின் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

அதற்கு முன்னால் என் மகள் காவ்யாவைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த மாதம் ஐந்து முடிகிறது. ஒஹையோவில் நாங்கள் இருக்கிற இந்தச் சிறிய ஊரில், பனியும் சோளக்காடும் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவளைக் கேட்டுப் பாருங்கள், தெரியாதது எதுவுமே இல்லை. கோயமுத்தூர் எங்கே இருக்கிறது என்றால் செவ்வாய் கிரகத்துக்குப் பக்கத்தில் என்பாள். யானைக்கு எத்தனை பல் என்றால், கண்ணைச் சிமிட்டாமல் பதினேழு என்பாள்.

போன மாதம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் கவலையாகவே ஆசிரியையிடம் சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தெரியாவிட்டால் ஊகித்துச் சொல் என்று. உங்கள் மகள் பயமே இல்லாமல் சொல்கிறாள்" என்று பாராட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் காவ்யாவிடம், "கண்ணு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்டா" என்றேன். "வொய்?" என்றாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது. அவளுடைய தைரியத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் ஒரே தடவையில் இந்த ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

3

முதல் தடவை எழுதியது தொண்ணூற்றிரண்டில். கோயமுத்தூரில் கணிதம் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்கள் வீடு காரமடைப் பக்கம். அப்பா பழனிசாமிக்கு வாழையும் கொஞ்சம் பாக்கும். புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும், அதையும் அமெரிக்காவில் வாங்க வேண்டும் என்று எனக்கு எப்படியோ பிடித்துக்கொண்டது. உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு வார்த்தைப் புத்தகம் கிடைத்தது. அதில் மூவாயிரம் ஆங்கில வார்த்தைகள். அவற்றில் பாதியை ஆங்கிலேயர்களே பயன்படுத்துவதில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தில் அப்பா மகா கறார். ஒரு தடவை, சிறுமுகைக்கு வழி கேட்ட லாரிக்காரனுக்குத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் குத்துமதிப்பாகக் கையைக் காட்டிவிட்டார். லாரி ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. "தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்றதுல என்றா கொறஞ்சு போச்சு உனக்கு?" என்று அப்பா அன்றைக்குப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் "தெரியலீங்க" என்றுதான் வரும். தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பழக்கத்தோடு மெட்ராஸில் போய்ப் பரீட்சை எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதற்கு நேரே உள்ள வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் கறுப்பாக்கினேன். தெரியாததைத் தொடவில்லை. அப்படி விட்டது மொத்தம் ஐம்பத்தெட்டுக் கேள்விகள். அமெரிக்காவுக்கு ஐம்பத்தெட்டுத் தடவை மரியாதையாக "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

ஆறு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. இரண்டாயிரத்து நானூறுக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் உதவித்தொகை கேட்க முடியாது. அதைவிடக் கொடுமை, எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போக வேண்டும் என்று பரீட்சை அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே எனக்குத் தெரிந்த அதே வாரத்தில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் தெரிந்துவிட்டது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன.

வந்த ஆத்திரத்தில் பரீட்சைக்கு முன்பு அனுப்பியிருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்காம் பக்கத்திலேயே இருந்தது: தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது. கண்ணை மூடிக்கொண்டு ஐம்பத்தெட்டு வட்டங்களைக் கறுப்பாக்கியிருந்தால், ஐந்துக்கு ஒன்றாகப் பதினோரு விடைகளாவது சரியாக இருந்திருக்கும். இது கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்பா மேல் அல்ல, என் மேல்தான்.

4

மறுபடி எழுதுகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இது பாஸ், பெயில் உள்ள பரீட்சை இல்லை என்று சொன்னால், "அப்பறம் எதுக்கு மறுபடி?" என்று கேட்பார்கள்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். துடியலூரிலிருந்து சண்முகம் பெண் பார்க்க வந்தார். மோட்டார் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். "எதாச்சும் கேக்கோணும்னா கேளுங்க" என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஒரு பரிச்சைய மறுபடியும் எழுதோணுமுங்க. சம்மதங்களா?"

"அரியருங்களா?"

"இல்லீங்க. மார்க் பத்தலீங்க."

"எழுதுங்க, அதுக்கென்ன" என்றார். அவ்வளவுதான். என் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் முடிவானது.

என் மாமியார் சரஸ்வதி அம்மாளுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வெளியே சொல்ல வெட்கம். நாங்கள் பரீட்சைக்கு மெட்ராஸ் போன அன்று, "மகனும் மருமகளும் சென்னிமலைக்குச் சாமி கும்பிடப் போயிருக்காங்க" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டில் பிரசாதம் கேட்டுவிட்டார்கள். அத்தை, மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வீட்டிலிருந்த விபூதியையே பொட்டலம் கட்டிக் கொடுத்துச் சமாளித்தார்.

அந்த இரண்டாவது பரீட்சைக்கான படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. முன்பு இந்தத் தேர்வை எழுதியிருக்கிறீர்களா, எழுதியிருந்தால் எந்தப் பெயரில்? கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் என் இனிஷியல் எஸ். முதல் தடவை கல்லூரி அடையாள அட்டையில் இருந்தபடி பி. சண்முகத்தின் நண்பர் ஒருவர், இப்படிப் பலரை அமெரிக்கா அனுப்பி வைத்த அனுபவசாலி, கட்டத்தைப் பார்த்ததும் துள்ளினார். "கல்யாணத்துல இனிஷியல் மாறிப்போச்சு. இப்ப நீங்க புது ஆளுங்க. பழச எதுக்கு எழுதறீங்க? காலியா உட்ருங்க" என்றார்.

ஐம்பத்தெட்டு இடத்தில் காலியாக விட்டு அனுபவித்தவளிடம் போய் இதைச் சொன்னார். எனக்குத் தெரிந்த விடை அது ஒன்றுதான். அதையா காலியாக விடுவது? பழைய பெயரையும், பழைய பதிவு எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அப்போது காவ்யா வயிற்றில் மூன்று மாதம். குமட்டலுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இடது கையால் முகர்ந்துகொண்டே எழுதினேன். இந்தத் தடவை ஒரு வட்டம் மிச்சமில்லை. மதிப்பெண், இரண்டாயிரத்து நூற்றுப் பத்து.

5

மதிப்பெண்ணை நான் பார்த்த நான்காம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். ஒரு வருடத்தில் ஐந்நூற்று எழுபது மதிப்பெண் உயர்ந்திருப்பது வழக்கத்துக்கு மாறானது. பெயர் வேறு, கையெழுத்து வேறு. ஆகவே இரண்டு தேர்வுகளையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று உறுதிசெய்யும் வரை மதிப்பெண்ணை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறார்கள். என் முன்னால் மூன்று வழிகள். இரண்டாவது மதிப்பெண்ணை ரத்து செய்துவிடலாம். அத்தாட்சிகளை அனுப்பிவிட்டு அவர்கள் முடிவுக்குக் காத்திருக்கலாம். அல்லது அவர்கள் சொல்கிற நாளில், சொல்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து மறுபடி எழுதிக் காட்டலாம்.

அத்தாட்சி அனுப்பினால் முடிவு வர மூன்று நான்கு மாதம் ஆகும். பல்கலைக்கழகங்கள் பிப்ரவரி வரைதான் காத்திருக்கும். அதற்குள் தீராவிட்டால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் கைக்குழந்தையோடு யார் விடுவார்கள்? அதெல்லாம்கூடப் பெரிதில்லை. எனக்குப் பதிலாக வேறு எவளோ எழுதினாள் என்று ஒருவன் நினைக்கிறான், அதனால்தான் சோறு இறங்கவில்லை.

"ரத்து பண்ணிப்போடலாம் பூங்கொடி. ஒடம்பு முக்கியம். ஏழாம் மாசத்துல நாலு மணி நேரம் ஒரே எடத்துல ஒக்காந்து எழுத முடியுமா?" என்றார் சண்முகம். அனுபவசாலி நண்பர் வந்து, "நான் அப்பவே சொன்னனுங்களே" என்று ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

அத்தை கூடத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடுதாசில என்னன்னு போட்டிருக்கான்? நெசத்தச் சொல்லு கண்ணு."

சொன்னேன்.

"அப்ப நம்ம ஊட்டுப் பொண்ணத் திருடீங்கறானா? எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டுப் போயி எழுதிப்போட்டு வந்தவ. நான் ரயிலேத்தி அனுப்பலையா? நீ போயி அவன் மூஞ்சிக்கு முன்னால இன்னொருக்கா எழுதிக் காட்டிப்போட்டு வா. ரத்தாமா ரத்து!" பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீ சும்மாரு" என்றார்.

6

இங்கே மறுபடி எழுதுவது யாருக்கும் ஒரு செய்தியே இல்லை. போன பருவத்தில் என் வகுப்பில் ஒரு பையன் கார் ஓட்டும் தேர்வில் நான்காம் தடவை தேறியதற்காக வகுப்புக்கே கேக் வாங்கி வந்தான். மூன்று தடவை எப்படித் தவறினான் என்று நடித்துக் காட்டினான். ஒரு தடவை போலீஸ்காரர் வீட்டுப் புல்வெளியில் ஏற்றிவிட்டானாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கே அந்த லைசென்ஸ் மூன்றாம் தடவைதான் கிடைத்தது. அதை நான் கோயமுத்தூருக்கு எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

7

தேர்வு அலுவலகம் தை மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் கொடுத்தது. துடியலூரிலிருந்து காரமடை போகும் மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே ஒரு கல்லூரியில் இடம். காலை ஒன்பது மணி. இந்த நாளை மாற்ற முடியாது.

அதே புதன்கிழமைதான் எனக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதத்தில் பெண்ணின் பிறந்த வீட்டார் புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், எள்ளு சாதம், தயிர்சாதம் என்று கட்டிக்கொண்டு வந்து, விருந்து போட்டு, மாமியார் வீட்டிலிருந்து பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் மாமியார் வீட்டில் அதோடு வளைகாப்பும் உண்டு. பத்தரை மணி முகூர்த்தம் என்று இருபக்க ஒறம்பரைக்கும், அதாவது சொந்தபந்தத்துக்கும், சொல்லி முடித்தாயிற்று. அந்தத் தையில் வேறு நாளும் சரிப்படவில்லை.

அத்தை பஞ்சாங்கம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். "வேற நேரம் சொல்லுங்க" என்றார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் பெண் படி தாண்டினால் சரி என்று அவர் சொன்னார். அவர் வேறு எதையாவது சொல்லிவிட்டு வெளியே போயிருக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் இடித்தது. கட்டுச்சோறு முடிந்து கிளம்புகிற பெண் வழியில் எங்கும் கால் வைக்கக் கூடாது, நேராகப் பிறந்த வீட்டில்தான் இறங்க வேண்டும். அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சம்பந்தீங்க, வழியில எறங்கக் கூடாதுங்களே. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"காலேஜு ரோட்டு மேலதானுங்க இருக்குது. அவ ஒண்ணும் சினிமாவுக்கு எறங்கலீங்க. அவ மேல போட்ட பழியத் தொடச்சுப்போட்டு, சுத்தமா உங்க ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்கட்டும். அதுக்கு மேல சாத்திரம் என்னங்க இருக்குது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அந்தப் புதன்கிழமை விடிவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதமும் ஒவ்வொரு வாய் ஊட்டி, ஏழு இருபதுக்கு என்னைப் படி தாண்ட வைத்தார்கள். அப்பா கொண்டு வந்திருந்த வேனில் ஒறம்பரை பதினான்கு பேர், மீதமிருந்த சாத அண்டாக்கள், நடுவில் நான், என் மடியில் நான்கு பென்சில். பெண்ணை அழைத்துப் போகும்போது மாமியார் கூடவே வருகிற வழக்கம் இல்லை. அத்தை ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரி வாசலில் வேன் நின்றதும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பரீட்சை நடத்த வந்தவர் ஒல்லியான ஒரு பேராசிரியர். முத்திரை வைத்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில் வந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார்.

"இதுல பரிச்சை எழுதறவங்க யாருங்க?"

"நானுங்க."

அனுமதிச் சீட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஆள் அடையாளந்தான் முக்கியம்னு எழுதியிருக்காங்க. மொகத்துல இவ்வளவு சந்தனம் இருந்தா நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? கழுவிப்போட்டு வாங்க."

என் பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க சார், ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள நலுங்குச் சந்தனத்தக் கழுவறதுங்களா? நல்லாவா இருக்குது?"

அத்தைதான் வேனிலிருந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்து வந்தார். "அழியட்டுமுங்க. மூஞ்சி அவளுதுதானுங்களே, அது அழியாதில்ல" என்று சொல்லி, அவரே தண்ணீர் ஊற்ற, அவர் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டேன். பேராசிரியர் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் வளையல் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அதையும் கழட்டிருங்க. சத்தம் வரும்."

"கொழந்தை பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க. சத்தம் வந்தா யாருக்குங்க தொந்தரவு?" என்றார் அத்தை.

அவர் திரும்பி அறைக்குள் பார்த்தார். அறுபது பெஞ்சுகள். ஒரு ஆள்கூட இல்லை. சிரித்துவிட்டு உறையைப் பிரித்தார்.

முதலில் ஓர் உறுதிமொழியை நம் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தாளில் உள்ள பெயருக்குரிய ஆள் நானே என்று. முந்தைய இரண்டு தடவையும் அதை யோசிக்காமல் கிறுக்கியிருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிதானமாக எழுதினேன். கை நகர நகர வளையல் குலுங்கியது. வயிற்றில் காவ்யா உதைத்தாள். பிறகு பென்சிலை எடுத்தேன்.

எனக்கு அன்று இருந்த தெளிவு வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வார்த்தைகள் தாமாக வந்து நின்றன. கணக்குகள் கையிலேயே முடிந்தன. தெரியாத இடத்தில் தயங்கவில்லை. இரண்டு விடைகளை நீக்கி, மிச்சத்தில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு நகர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் என் ஒறம்பரை சமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவருக்குக் குரல் உயர்ந்தால் போதும், "அக்கட்டால போயிப் பேசுங்க, புள்ள எழுதுது" என்று அத்தை அதட்டுவது கேட்டது. அந்த அதட்டல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது. இடைவேளையில் வெளியே வந்தேன். பெரியம்மா தயிர்சாதத்தை உருட்டி என் வாயில் வைத்தார். அப்பா விசிறினார். பத்து நிமிடம் முடிந்ததும் உள்ளே போனேன்.

ஒரு மணிக்கு விடைத்தாளை வாங்கி உறையிலிட்டு, என் முன்னாலேயே ஒட்டினார் பேராசிரியர். "எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுகூட மிச்சமில்லீங்க" என்றேன். எங்கள் ஆட்கள் அவரை விடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவரை மரத்தடியில் உட்கார வைத்து, இலை போட்டு, ஐந்து சாதமும் பரிமாறினார்கள். புளிசாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் வேன் காரமடைக்குக் கிளம்பியது.

8

பிப்ரவரி கடைசி வாரம் நான் அப்பா வீட்டில் இருந்தேன். உட்கார்ந்தால் எழ முடியாத மாதம். கடிதங்கள் துடியலூருக்குத்தான் வரும். ஒரு மத்தியானம் அத்தை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை, இன்னொரு கையில் நீள உறை. சண்முகம் வேலையிலிருந்து வரும் வரை பொறுக்காமல், தபால்காரர் கொடுத்த கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிரிக்கவில்லை. பிரித்தாலும் அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

நான் அவசரமாகப் பிரித்ததில் உறையோடு கடிதத்தின் ஒரு மூலையும் கிழிந்துவிட்டது. மூன்றாவது மதிப்பெண், இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இரண்டாவதைவிட முப்பது கூட. கீழே நான்கு வரிகள். தேர்வுகளை எழுதியது ஒரே நபர் என்று உறுதிசெய்கிறோம், நிறுத்தி வைத்த மதிப்பெண்களை நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் இன்றே அனுப்பிவிட்டோம், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். அந்த நான்கில் ஒன்றுதான் உதவித்தொகையும் கொடுத்து, குழந்தைக்காக ஒரு பருவம் தள்ளி வரவும் அனுமதித்து, இந்தச் சோளக்காட்டுக்கு என்னைக் கூட்டி வந்தது. ஆனால் அன்று அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே நபர் என்ற அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா மாடு கட்டும் கட்டுத்தரையில் இருந்து ஓடி வந்தார்.

அத்தை பயந்துவிட்டார். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன கண்ணு, என்னன்னு போட்டிருக்கான்? சொல்லித் தொலையேன்!"

"எழுதுனது நாந்தானுங்களாம் அத்தை."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"அட, இதையா இத்தன மாசம் தேடுனான்? என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே."